கொலைக்கு மறுநாள்: பதின்பருவ ஸ்லாஷர் தொடர் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

2015 ஜூன் 30 அன்று எம்டிவியில் ஒளிபரப்பான ‘ஸ்க்ரீம்’ தொடரின் முதல் எபிசோடிலேயே, திகில் படங்களைக் கரைத்துக் குடித்த நோவா ஃபாஸ்டர் என்ற மாணவன், முகமூடிக் கொலையாளி ஒருவர் பின் ஒருவராகக் கொன்றுகொண்டே போகும் ஸ்லாஷர் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கவே முடியாது என்று வாதிடுகிறான். ஸ்லாஷர் படம் பற்றிக்கொண்டதும் எரிந்து அடங்கிவிடும், தொலைக்காட்சிக்கோ இழுத்துக்கொண்டே போக வேண்டும் என்பது அவன் வாதத்தின் சாரம். தான் இடம்பெற்றிருக்கும் தொடரையே ஒரு பாத்திரம் கேலி செய்கிறது என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தக் கேலிக்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

100 நிமிடப் படத்தில் பத்துப் பேர் இறந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு மரணம். விளம்பர நேரம் போக 42 நிமிடம் ஓடும் எபிசோடுகள் பத்து என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 420 நிமிடம். அதே வேகத்தில் போனால் 42 பிணங்கள் விழ வேண்டும். அத்தனை பேர் செத்த ஊரில் பள்ளிக்கூடம் திறந்திருக்காது, பெற்றோர் பிள்ளைகளை ஊரில் வைத்திருக்கவும் மாட்டார்கள், கதையும் நடக்காது. ஆகவே தொடர் எழுதுபவர் கொலைகளைக் குறைத்தாக வேண்டும். குறைத்ததும் நடுவில் விழும் பெரும் வெற்றிடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்பதில்தான் இந்த வகைத் தொடர்கள் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. கொலை நடக்கும் இரவைப் பார்வையாளர் திரைப்படத்திலேயே போதுமான அளவு பார்த்துவிட்டார். தொடரால் மட்டும் விரிவாகக் காட்ட முடிவது, கொலைக்கு மறுநாள் காலையை.

கீழே வரும் படிகளில் சில தொடர்களின் முடிவுகளைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. ‘ஸ்க்ரீம்’ தொடரின் முதல் இரண்டு சீசன்களை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதல் படி: முகமூடிக்குள் இருப்பவரை முதலில் எழுதுங்கள்

கதை டிஸ்கஷனில் எல்லோருக்கும் பிடித்த வாக்கியம் ஒன்று உண்டு: “யார் கொலையாளி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.” ஸ்லாஷர் தொடரைப் பொறுத்தவரை இதைவிட ஆபத்தான வாக்கியம் இல்லை. ஒன்லைன் எழுதுவதற்கு முன்பே கொலையாளியின் நாட்குறிப்பை எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு கொலை நடந்த நேரத்திலும் அந்த ஆள் எங்கே இருந்தார், எதில் போனார், கத்தியை எங்கே ஒளித்தார், மறுநாள் காலை யாரோடு காப்பி குடித்தார் என்பது வரை அதில் இருக்க வேண்டும். திரையில் இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது என்றாலும், இரண்டாவது முறை பார்க்கிறவர் ஒவ்வொரு காட்சியையும் சரிபார்ப்பார் என்பதை மறக்கக்கூடாது.

‘ஸ்க்ரீம்’ முதல் சீசனின் கொலையாளியான பைப்பர் ஷா குற்றங்களைப் பற்றி பாட்காஸ்ட் நடத்துபவர். இந்தத் தொழில் தேர்வு கெட்டிக்காரத்தனமானது. துருவித் துருவிக் கேள்வி கேட்கவும், பிணம் கிடந்த இடத்துக்கு வரவும், பயந்துபோன பெண்ணிடம் தோழி போல உட்கார்ந்து பேசவும் அவருக்கு நியாயமான காரணம் இருக்கிறது. அவர் கதாநாயகி எம்மாவின் தாய் முன்பு பெற்று, வளர்க்கக் கொடுத்துவிட்ட மகள் என்ற கடைசித் திருப்பம், கொலைக்கான காரணத்தை நேராகக் கதாநாயகியின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. யாரென்று தெரிந்த பிறகு எரிச்சல் வராமல், “அட, அதனால்தானா” என்று தோன்றினால் முதல் படி சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள்.

‘பிரெட்டி லிட்டில் லையர்ஸ்’ 2010 முதல் 2017 வரை 160 எபிசோடுகள் ஓடி, ‘ஏ’ என்ற மறைமுக ஆளின் வேடத்தைப் பல கைகளுக்கு மாற்றிக்கொண்டே போனதே என்று சிலர் கேட்கலாம். அது குறுஞ்செய்தியையும் ரகசியத்தையும் வைத்து ஓடிய மர்மத் தொடர். இரத்தம் சிந்தும் கதைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இரண்டாம் படி: ஊரும் அதன் பழைய பாவமும்

கொலையாளி ஊருக்குள் வருவதற்கு முன்பே ஊரில் ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டும். பழைய குற்றம் பெரியவர்களுக்குச் சொந்தம், புதிய தண்டனை பிள்ளைகளுக்கு. இந்த அநியாயம்தான் பதின்பருவ ஸ்லாஷரின் உண்மையான கோபம். ‘ஸ்க்ரீம்’ தொடர் நடக்கும் லேக்வுட் என்ற கற்பனை ஊரில், இருபது ஆண்டுகளுக்கு முன்பு பிராண்டன் ஜேம்ஸ் என்ற முகம் கோணிய இளைஞன் கொலைகாரனாக ஊர்க்கதையில் நிலைத்துவிட்டான். அவன் காதலித்த பெண்தான் எம்மாவின் தாய் மேகி. இப்போது அவர் அதே ஊரில் பிணப் பரிசோதனை செய்யும் அதிகாரி. மகளின் தோழிகளை மேசையில் கிடத்தி அறுத்துப் பார்க்க வேண்டியவர், தன் இளமையை மறைத்துக்கொண்டே அதைச் செய்கிறார். ஒரே பாத்திரத்தின் தொழிலைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததால், பழைய கதையைச் சொல்லத் தனியாக ஃபிளாஷ்பேக் போட வேண்டிய தேவை பாதி குறைந்துவிடுகிறது.

2022 ஜூலையில் எச்பிஓ மேக்ஸில் வந்த ‘பிரெட்டி லிட்டில் லையர்ஸ்: ஒரிஜினல் சின்’ இதே வழியை இன்னும் வெளிப்படையாகப் பிடித்தது. 1999இல் ஆஞ்சலா வாட்டர்ஸ் என்ற பெண்ணுக்குத் தோழிகள் செய்த துரோகத்துக்கு, மில்வுட் என்ற ஊரில் அவர்களுடைய மகள்கள் வேட்டையாடப்படுகிறார்கள். பத்து எபிசோடுகளில் கொலையின் எண்ணிக்கை குறைவு, ஆனாலும் பயம் விடுவதில்லை. தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் பார்வையிலேயே பாதி பயம் இருக்கிறது.

மூன்றாம் படி: மரணக் கணக்கு

ஒரு தாளை எடுத்து எபிசோடுகளைக் குறுக்கேயும் பாத்திரங்களை நெடுக்கேயும் எழுதுங்கள். யார் எப்போது இறக்கிறார் என்பதைக் கட்டங்களில் நிரப்புங்கள். நிரப்பிய பிறகு பாருங்கள்: இறப்பவர்கள் எல்லோரும் நமக்கு அக்கறையில்லாத துணைப் பாத்திரங்களாகவே இருந்தால், மூன்றாவது எபிசோடுக்குள் பார்வையாளர் உங்கள் கணக்கைக் கண்டுபிடித்துவிடுவார். எல்லோருக்கும் பிடித்தவர்கள் மட்டுமே வரிசையாக இறந்தால், அவர் யார்மீதும் மனத்தை வைக்கமாட்டார்.

சிபிஎஸ் 2009இல் ஒளிபரப்பிய ‘ஹார்ப்பர்ஸ் ஐலண்ட்’, ஒரு தீவில் திருமணத்துக்குக் கூடிய விருந்தினர்களை 13 எபிசோடுகளில் ஒவ்வொருவராகக் கொன்றது. வாரம் ஒரு சாவாவது உண்டு என்பது வெளிப்படையான வாக்குறுதி. அந்தச் சாவின் சத்தத்தையே அந்தந்த எபிசோடுக்குப் பெயராகவும் வைத்தார்கள். வாக்குறுதி பார்வையாளரைக் கூட்டி வரும். ஆனால் கடைசிப் பத்து நிமிடம் நெருங்கியதும், “இன்னும் ஒருவரும் சாகவில்லையே” என்று அவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவதும் அந்த வாக்குறுதியால்தான். என் கணிப்பில், பத்து எபிசோடுகளில் ஏழெட்டு மரணம் போதும். ஒன்றிரண்டு எபிசோடுகள் யாரும் இறக்காமலே முடிய வேண்டும். சாவே இல்லாத எபிசோடுக்கு அடுத்ததைத்தான் பார்வையாளர் விளக்கை அணைக்காமல் பார்ப்பார்.

சீக்கிரம் வரும் ஒரு மரணம் மட்டும் வலிக்க வேண்டும். ‘ஸ்க்ரீம்’ முதல் சீசனில் ரைலி என்ற பெண்ணும் நோவாவும் அப்போதுதான் நெருங்கத் தொடங்கியிருப்பார்கள். அந்தக் காதலுக்குப் பத்து எபிசோடு ஆயுள் இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போது, ரைலி காவல் நிலையக் கூரையிலேயே கொல்லப்படுகிறாள். இதற்குமேல் பாதுகாப்பான இடம் ஊரில் கிடையாது என்பதும், இதற்குமேல் எந்தக் காதலும் நிச்சயமில்லை என்பதும் ஒரே காட்சியில் சொல்லப்பட்டுவிடுகிறது.

நான்காம் படி: தொடக்கக் காட்சி

1996இல் கெவின் வில்லியம்சன் எழுதி வெஸ் கிரேவன் இயக்கிய ‘ஸ்க்ரீம்’ படத்தின் முதல் பன்னிரண்டு நிமிடங்களை எத்தனை முறை பார்த்தாலும் கற்க ஏதாவது மிச்சமிருக்கும். எல்லோரும் தொலைபேசிக் குரலைப் பற்றியே பேசுகிறார்கள், நான் அடுப்பைப் பார்க்கச் சொல்வேன். தனியாக இருக்கும் பெண் சோளப்பொரித் தட்டை அடுப்பில் வைக்கிறாள். குரல் முதலில் கொஞ்சுகிறது, பிறகு மிரட்டுகிறது. அந்தப் பக்கம் தட்டை மூடிய தகடு உப்பிக்கொண்டே போகிறது. அவள் அடுப்பை மறக்கிறாள், பொரி கருகுகிறது, பெற்றோர் திரும்பி வரும்போது வீடு முழுக்கப் புகை. யாரும் நேரத்தைச் சொல்லவில்லை, அடுப்பு சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பிறகு தாய் தொலைபேசியை எடுக்கும்போது மகளின் கடைசி மூச்சு காதில் விழுகிறது. இரத்தத்தைவிட அந்த மூச்சுதான் மனத்தில் தங்குகிறது.

பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு தொடர் அதே காட்சியைக் கைப்பேசிக் காலத்துக்கு மாற்றியது. நீனா என்ற பணக்காரப் பெண் வீட்டில் தனியாக இருக்கும்போது, காதலன் டைலர் அனுப்புவதாக அவள் நினைக்கும் செய்திகள் வருகின்றன. டைலரின் தலை நீர்த்தொட்டிக்குள் வந்து விழும்போதுதான் அனுப்பியவன் வேறு ஆள் என்று தெரிகிறது. திறமையான காட்சிதான். ஆனாலும் அடுப்பு மாதிரி ஒரு பொருள் இதில் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. உங்கள் தொடக்கக் காட்சியில் தானாக மாறிக்கொண்டே போகும் ஒரு சாதாரணப் பொருளை வையுங்கள்: நிரம்பும் வாளி, தீர்ந்துவரும் சார்ஜ், உருகும் ஐஸ். அந்தப் பொருளே கடிகாரமாகிவிடும்.

ஐந்தாம் படி: மறுநாள்

இந்தப் படியில் அதிக நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் தோற்ற தொடர்கள் பெரும்பாலும் இதை ஓட்டமாகக் கடந்தவை. 2021 அக்டோபரில் அமேசான் பிரைமில் வெளியான ‘ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்’ தொடரில் இரட்டையர் ஆள்மாறாட்டம் போன்ற நல்ல சரக்கு இருந்தது. ஆனால் அதில் இறந்தவருக்காக யாரும் உண்மையில் அழுததாக எனக்குத் தோன்றவில்லை. எட்டு எபிசோடுகளோடு அது நிறுத்தப்பட்டதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை.

மறுநாளை எழுதுவது எப்படி என்பதற்கு நான் கையாளும் பயிற்சி இது. இறந்த பெண்ணின் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் காவல்துறை எடுத்துப் போய்விட்டது. பழைய டேப்லெட் மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. காலை 6.10க்கு அதில் அலாரம் அடிக்கிறது. அடுத்த அறையில் தம்பி விழித்துக்கொண்டே படுத்திருக்கிறான், அப்பா சமையலறையில் நிற்கிறார், இருவருக்கும் கேட்கிறது, யாரும் போய் அணைப்பதில்லை. அது தானாக அடித்து ஓய்கிறது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் 6.10க்குத் தம்பி எழுந்து உட்கார்ந்து காத்திருக்கிறான், சத்தம் வரவில்லை. சார்ஜர் தேடி அவன் வீட்டையே புரட்டுகிறான். கட்டிலுக்கு அடியில் குனிந்தவன் கையில் டேப்லெட்டோடு சேர்ந்து வேறொன்றும் அகப்படுகிறது. துப்பு அங்கே வரட்டும். துக்கத்தின் வழியாக வந்த துப்பைப் பார்வையாளர் துப்பு என்று சந்தேகிக்கவே மாட்டார்.

‘ஸ்க்ரீம்’ இரண்டாம் சீசன் இதையே தலைகீழாகச் செய்து வென்றது. ஜேக் என்ற இளைஞன் சீசனின் தொடக்கத்திலேயே கொல்லப்படுவதை நாம் பார்த்துவிடுகிறோம். ஊருக்குத் தெரியாது. அவன் எங்கோ போயிருக்கிறான் என்ற நினைப்பில் அவனுடைய காதலி புரூக் அவன்மேல் கோபப்படுகிறாள், ஏங்குகிறாள், ஏரி அழகிப் போட்டிக்குத் தயாராகிறாள். அவள் மேடையில் நிற்கும்போது அவனுடைய பிணம் மேலிருந்து வந்து விழுகிறது. ஒரே மரணத்தைச் சில எபிசோடுகளுக்கு வைத்துச் செலவழித்த சிக்கனம் இது. மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்கு மட்டும் தெரிந்தால், மேலே நடக்கும் சாதாரணப் பேச்சும் தாங்க முடியாததாகிவிடும் என்று ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் விளக்கியதன் சரியான செயல்முறை. புரூக்கின் ஒவ்வொரு சிணுங்கலும் நமக்குக் குண்டின் மேல் வைத்த தேநீர்க் கோப்பையாக நடுங்குகிறது.

ஆறாம் படி: சந்தேக வட்டமும் கடைசிப் பெண்ணும்

சந்தேகப்பட வேண்டியவர்கள் ஆறிலிருந்து எட்டுப் பேர் இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் கொலையோடு தொடர்பில்லாத, ஆனால் மறைத்தே ஆக வேண்டிய ஒரு விஷயத்தைக் கொடுங்கள். பொய் சொல்கிறான் என்பது தெரிய வேண்டும், எதற்காக என்பது பிறகு தெரிய வேண்டும். அந்தப் பொய் வெளிப்படும்போது கிடைக்கும் உண்மை, கொலையைவிடச் சிறியதாக இருந்தாலும் அந்தப் பாத்திரத்துக்குப் பெரியதாக இருக்க வேண்டும். வட்டத்துக்கு வெளியிலிருந்து கொலையாளியைக் கொண்டுவருவது ஏமாற்று வேலை. குறைந்தது பாதி எபிசோடுகளிலாவது அந்த முகம் நமக்குத் தென்பட்டிருக்க வேண்டும்.

ஸ்லாஷர் படங்களில் கடைசிவரை உயிரோடு இருந்து எதிர்த்து நிற்கும் பெண்ணுக்கு, கேரல் குளோவர் என்ற ஆய்வாளர் 1987இல் எழுதிய கட்டுரையில் ‘ஃபைனல் கேர்ள்’ என்று பெயர் சூட்டினார். படத்தில் அவள் ஒழுக்கமானவளாக, எச்சரிக்கையானவளாக இருந்தாலே போதும். பத்து எபிசோடுக்கு அந்த நல்ல பெண் தாக்குப்பிடிக்கமாட்டாள், அவளுக்கு ஒரு சிறு குற்றம் வேண்டும். ஆட்ரி, ரேச்சல் என்ற இரு பெண்கள் முத்தமிடும் காணொளியை எம்மாவின் நண்பர்கள் இணையத்தில் பரப்பி அவமானப்படுத்துகிறார்கள். எம்மா அதைத் தடுக்கவில்லை. அடுத்து ரேச்சல் தூக்கில் தொங்கக் காணப்படும்போது ஊர் அதைத் தற்கொலை என்று எளிதாக நம்பிவிடுகிறது. அந்த எளிமையில் தன் பங்கு இருப்பது எம்மாவுக்குத் தெரியும். கொலையாளி அவளைத் தேடி வருவதற்கு முன்பே அவள் தூக்கம் கெட்டுவிட்டது.

ஏழாம் படி: முகமூடி, குரல், கைப்பேசி

முகமூடி மலிவாகவும் வெறுமையாகவும் இருக்க வேண்டும். 1978இல் வந்த ‘ஹாலோவீன்’ படத்துக்காகக் கடையில் வாங்கிய, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளை அடித்துப் பயன்படுத்தினார்கள். அலங்காரம் கூடக் கூடப் பயம் குறையும். எம்டிவி தொடரின் முதல் இரண்டு சீசன்கள் படத்தின் புகழ்பெற்ற முகமூடியை விட்டுவிட்டு வேறொன்றை உருவாக்கின. 2019இல் விஎச்1 மூன்றே இரவுகளில் ஆறு எபிசோடுகளாக ஒளிபரப்பிய மூன்றாம் சீசனில் பழைய முகமூடியும், படங்களில் கொலையாளிக்குத் தொலைபேசிக் குரல் தந்த ரோஜர் ஜாக்சனின் குரலும் திரும்பி வந்தன.

கைப்பேசியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: “சிக்னல் இல்லை” என்ற வசனத்தைத் தொடர் முழுவதிலும் ஒரு முறைக்குமேல் எழுதாதீர்கள். கைப்பேசி வேலை செய்வதே பயமாக இருக்கட்டும்.

எட்டாம் படி: கொலைக் காட்சி

குரூரத்தைக் கூட்டுவதால் காட்சி கூர்மையாவதில்லை. வில் என்ற இளைஞனை எம்மா கண்டுபிடிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் கட்டிவைக்கப்பட்டிருக்கிறான், உயிர் இருக்கிறது. அவள் ஓடுகிறாள், தரையோடு இழுத்துக் கட்டிய கம்பியில் கால் இடறுகிறது, இயந்திரம் ஓடத் தொடங்கி அவனைப் பிளக்கிறது. கொலையாளி அந்த இடத்திலேயே இல்லை. காப்பாற்ற ஓடிய கால்தான் கொன்றது. அந்தக் கால்தான் மறுநாள் பள்ளிக்கூடப் படியேற வேண்டும். எழுதும்போது இயந்திரத்துக்கு இரண்டு வரி போதும், இடறலுக்கு ஐந்து வரி கொடுங்கள்.

இந்தியாவில் ஓடிடிக்கு எழுதுகிறவர்கள் வயது வகைப்பாட்டை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 13+, 16+, வயது வந்தோர் மட்டும் என்ற பிரிவுகளுக்குள்தான் இத்தகைய கதை விழும். பதின்பருவத்தினரைப் பற்றிய கதையைப் பதின்பருவத்தினரே பார்க்க முடியாமல் போவது விந்தையான நஷ்டம்.

ஒன்பதாம் படி: முகமூடி கழன்ற பிறகு

கொலையாளி நின்று நிதானமாகத் தன் கதையைச் சொல்லும் நீண்ட வசனம் தவிர்க்க முடியாத சடங்காகிவிட்டது. தவிர்க்க முடியாவிட்டால், கேட்பவருக்கு அதில் ஒரு புதிய காயம் இருக்க வேண்டும். எம்மாவுக்கு அது தன் தாயைப் பற்றிய செய்தி. பார்வையாளருக்கு மட்டும் விளக்கம் தரும் வசனத்தை எடிட்டிங்கில் வெட்டிவிடுவார்கள், வெட்ட வேண்டும்.

அடுத்த சீசனுக்கான விதையைக் கடைசி நிமிடத்தில் போடுவது வழக்கம். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, பைப்பர் தனக்கு எழுதிய கடிதங்களை ஆட்ரி எரிக்கிறாள். புதிய கொலையாளியைக் காட்டாமல், நாம் நேசித்த ஒருத்தியின்மேல் சந்தேகத்தை வைத்துவிட்டுப் போன இந்த முடிவு, அந்தத் தொடரின் ஆகச் சிறந்த ஒரு நிமிடம் என்பேன். அது ஒளிபரப்பானது 2015 செப்டம்பர் 1. தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருந்த கிரேவன் அதற்கு இரண்டு நாள் முன்புதான் காலமானார். இரண்டாம் சீசனில் கொலையாளி எம்மாவின் காதலன் கீரன் என்று தெரியும்போது அத்தனை அதிர்ச்சி இல்லை. காதலனைச் சந்தேகி என்பது 1996இலேயே கற்றுக்கொடுக்கப்பட்ட பாடம் அல்லவா!

பத்தாம் படி: ஸ்கிரிப்டைச் சோதிப்பது

எல்லா எபிசோடுகளும் எழுதி முடித்த பிறகு ஒரு பிரதி எடுத்து, கொலைக் காட்சிகள் உள்ள பக்கங்களை எல்லாம் கிழித்து எடுத்துவிடுங்கள். மீதியை இந்தக் கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்தப் பக்கத்தில் கைப்பேசியை எடுக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் இன்னொரு பிணத்தைப் போடலாம் என்றுதான் முதலில் கை துறுதுறுக்கும். அதைச் செய்யாமல், அதற்கு முந்தைய சாவுக்குத் திரும்பிப் போய், அந்த வீட்டில் மறுநாள் யார் முதலில் கண்விழித்தார் என்பதிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.